பாவுக்கஞ்சிப் பானை

2020 ஏப்ரலில் ஒரு நாள் என் மாப்பிள்ளை இரண்டு கிலோ பார்லி அரிசி வாங்கி வந்தார். எனக்கு அடிக்கடி கால் வீங்கும். கஞ்சி வைத்துக் கொடுக்கத்தான் வாங்கியிருக்கிறார் என்று என் மனைவி நினைத்துவிட்டாள். "உங்க மேல மாப்பிள்ளைக்கு எவ்ளோ அக்கறை பாருங்க" என்று இரண்டு முறை சொன்னாள். நானும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

மறுநாள் பார்த்தால் அந்தப் பார்லி முழுவதும் கொல்லைப்புறத்தில் ஈரச் சாக்கின்மேல் பரப்பிக் கிடக்கிறது. மாப்பிள்ளை வேளைக்கொரு முறை தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். "என்ன மாப்ள இது?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "முளை கட்டறேன் மாமா" என்றார். மூன்றாம் நாள் முளை வரவில்லை, நாற்றம்தான் வந்தது. பக்கத்து வீட்டார் சுவர்மேல் எட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். வீட்டிலேயே பீர் போடப் போகிறாராம்.

ஊரடங்கு நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் உகாதிக்கு என்று மார்ச் 23ஆம் தேதி வந்தார்கள். எங்கள் ஆர்.கே.பேட்டைப் பக்கம் உகாதி பெரிய பண்டிகை. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர் அல்லவா, பல வீடுகளில் இன்றைக்கும் தெலுங்குதான் பேச்சு. 25ஆம் தேதி உகாதி, அன்றே நாடு முழுக்க ஊரடங்கு. இரண்டு நாளைக்கு மாற்றுத்துணி எடுத்து வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதுவும் மூடிக் கிடந்தது, டாஸ்மாக்கும் மூடிக் கிடந்தது.

கடை இல்லையே, அதனால்தான் என்று நினைத்தேன். யாருக்கும் முதலில் தோன்றுவது அந்தக் காரணம்தான். நாடு பூராவும், உலகம் பூராவும் அப்போது இந்தக் கூத்து நடந்தது. தென்னாப்பிரிக்காவில் மது விற்பனையையே நிறுத்தியதும் சனங்கள் அன்னாசிப்பழத்துக்கு அலைந்தார்களாம், வீட்டில் புளிக்கவைக்க. சில மாதம் கழித்து நம் பக்கத்து ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில் கைகழுவும் சானிடைசரைக் குடித்து ஆட்கள் செத்தார்கள். அதையெல்லாம் செய்தியில் பார்த்தபோது, என் மாப்பிள்ளை பார்லிக்குத் தண்ணீர் தெளித்தது பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

ஆனால் குற்றம்தான். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. விற்றால்தான் குற்றம் என்றில்லை. இது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். என் உத்தியோகத்தில் ஆறு வருடம் மதுவிலக்குச் சம்பந்தமான கோப்புகளைப் பார்த்த கிளார்க் நான்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். பார்லி ஏன் முளைக்கவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் பார்லி அரிசி உமி நீக்கித் தீட்டியது. அரிசியை விதைத்தால் நாற்று வருமா? நெல்லை அல்லவா விதைக்க வேண்டும்! கைப்பேசியில் வெள்ளைக்காரன் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மளிகைக் கடைக்குப் போயிருக்கிறார். "முளைக்கணும்னா கேழ்வரகு போடணும் மாப்ள. எங்க ஆயா அதுதான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆயா என்பது என் அம்மாவின் அம்மா. ஆர்.கே.பேட்டையில் நெசவு வீடு. அப்பா புதுச்சேரிக்காரர், ரோடியர் மில்லில் வேலை. நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய லீவு விட்டால் அம்மா எங்களை இங்கே கூட்டி வந்துவிடுவார்கள். புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு சாராயக் கடை. இந்தப் பக்கம் வந்தால் ஒரு கள்ளுக்கடைகூடக் கிடையாது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு, ஒரு வருடம் கழித்து 1938 அக்டோபரில் சித்தூர் ஜில்லாவுக்கும் வந்துவிட்டது. நடுவில் யுத்தக் காலத்தில் தளர்த்தினார்கள். 1948இல் மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளை மோந்து பார்ப்பார்கள். அம்மா கொண்டுவரும் புதுச்சேரி பிஸ்கட் டப்பாவைக்கூட ஒரு முறை திறக்கச் சொன்னார்கள்.

ஆயா வீட்டில் தறிக்கூடத்துக்குப் பின்னால் நான்கு பானைகள் வரிசையாக இருக்கும். மூன்று பானையில் பாவுக்குப் போடும் கஞ்சி. இப்போது விசைத்தறி வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தோய்த்து, பிரஷ்ஷால் இழுத்து இழுத்துக் காயவைப்பார்கள். அப்போதுதான் நூல் அறுந்துபோகாமல் தறியில் ஓடும். கஞ்சி ஒன்றிரண்டு நாள் புளித்தால் நூலில் நன்றாகப் பிடிக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆகவே அந்த இடம் எப்போதும் புளிப்பு வாடைதான்.

நான்காவது பானை சுண்டக்கஞ்சி.

வடசென்னைக் குப்பங்களில் மட்டும்தான் சுண்டக்கஞ்சி உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஆயாவுக்கு வடசென்னை எந்தத் திசை என்றே தெரியாது. பழைய சோற்றையும் நொய்க்கஞ்சியையும் ஆறவிட்டு, முளைகட்டிக் காயவைத்து இடித்த கேழ்வரகு மாவைப் போட்டுக் கையால் பிசைந்து, பானை வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். ஈஸ்ட் என்று தனியாக எதுவும் கிடையாது. "அந்தப் பானைக்கு மட்டும் சீயக்காய், சாம்பல் எதையும் காட்டாதே, வெறும் தண்ணியில அலசு" என்று அம்மாவிடம் சொல்வார்கள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. பானையின் உடம்பில் ஊறிக் கிடப்பதுதான் அடுத்த முறைக்கு உறை.

ஒரு பெரிய லீவில், 1961 அல்லது 62, போலீஸ் வந்தது. ஏட்டையா ஒருவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். நேராகக் கொல்லைக்கு வந்து பானைகளைப் பார்த்தார்கள். ஆயா பதறவே இல்லை. முதல் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கி, சொட்டச் சொட்ட எடுத்து ஏட்டையா முகத்துக்கு நேரே நீட்டி, "பாவுக்குப் போடற கஞ்சி சாமி, தொட்டுப் பாருங்க" என்றார்கள். ஏட்டையா மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். நான்கு பானையும் ஒரே வாடை. எதை மோந்து எதைப் பிரிப்பது? போய்விட்டார்கள்.

ஆயா குடிகாரி இல்லை. குடிகாரர்களைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுவார்கள். தறியில் உட்காருபவர்கள் குழிக்குள் காலை விட்டு விடியலிலிருந்து விளக்கு வைக்கும் வரை மிதிக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒரு லோட்டா பிழிந்து வடிகட்டிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். மறுவாய் கேட்டால், "இது மருந்தா குடியா?" என்று ஒரு அதட்டல். மீந்த சோறு வீணாகக் கூடாது, உழைத்தவனுக்குக் கால் வலிக்கக் கூடாது, வலிக்கிறதே என்று அவன் வெளியே எங்கேயும் போகக் கூடாது. ஆயாவின் காரணம் இத்தனையும் சேர்ந்தது. ராஜாஜிக்கும் ஆயாவுக்கும் நேரில் ஒரு பேச்சுவார்த்தை நடந்திருந்தால் பாதி விஷயத்தில் ஒத்துப்போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் பெரும்பாணாற்றுப்படை படித்தபோது ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல். அதில் வலைஞர் குடியில் விருந்தாளிக்குக் கிடைக்கும் சாப்பாட்டைச் சொல்லும்போது, அரிசியைக் கூழாகக் காய்ச்சுவதும், அகன்ற தட்டில் ஆற்றுவதும், புற்றாஞ்சோறு மாதிரி இருக்கும் ஒன்றை அதில் கலப்பதும், இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விடுவதும், விரலால் அலைத்துப் பிழிவதும் வரிசையாக வருகிறது. எங்கள் ஆயா செய்தது கிட்டத்தட்ட அதுதான்! வீட்டில் செய்த நெல் கள்ளுக்குத் தோப்பி என்று ஒரு பெயரே அந்த நூலில் இருக்கிறது. காஞ்சிபுரம் எங்களுக்கு ஒரு பஸ் பயண தூரம். பீர் என்பது வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தானியத்தை முளைகட்டியோ வேறு வழியிலோ இனிப்பாக்கிப் புளிக்கவைத்தால் பீர் ஜாதிதான். புளிக்கவைக்கும் நுண்ணுயிர் சர்க்கரையைத்தான் தின்னும், மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது. தானியம் முளைவிடும்போது தன் மாவைத் தானே சர்க்கரையாக உடைத்துக்கொள்ளும். அவர்கள் ஊரில் பார்லி விளைந்தது, பார்லியில் செய்தார்கள். நமக்கு நெல்லும் கேழ்வரகும். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் பழங்குடிகள் ஹண்டியா என்று அரிசியில் செய்கிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட கலால் சட்டங்களிலேயே அதற்கு 'பச்வாய்' என்று பெயர் வைத்து, வீட்டு உபயோகத்துக்கு அவர்களுக்கு விலக்கும் கொடுத்திருந்தார்கள்.

கடை இல்லாததால்தான் மக்கள் வீட்டில் செய்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு முறை உடைந்தது. புதுச்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்துவிட்டு வந்தவர், பென்ஷன் பிராங்கில் வரும், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வாசலில் இருந்து நூறு அடியில் கடை. பாட்டில் பாட்டிலாகச் சீமைச் சரக்கு வாங்கிக் குடிக்கக் காசும் உண்டு. ஆனால் அவர் அன்னாசித் தோலும் சர்க்கரையும் போட்டு வீட்டிலேயே புளிக்கவைப்பார். அதற்குப் 'பியேர்' என்று பெயரும் சொல்வார். தானியம் இல்லாததை அப்படிச் சொல்லக் கூடாதுதான், அவரிடம் யார் சொல்வது?

பியேர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பீர் என்றும் அர்த்தம், சவப்பெட்டி என்றும் அர்த்தம். எழுத்துக்கூட்டலும் ஒன்றுதான். திக்தே வகுப்பில் எங்கள் வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு, "இரண்டையும் கலக்காதீர்கள்" என்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்தா வீட்டில் படார், படார் என்று சத்தம். தெரு முழுக்க எழுந்துவிட்டது. "சொல்தா யாரையோ சுட்டுட்டாரு" என்று ஒரே கூச்சல். அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். பார்த்தால் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருக்கின்றன. புளித்து முடிப்பதற்குள் அவசரப்பட்டுத் தக்கை போட்டு இறுக்கியிருக்கிறார். உள்ளே உண்டான வாயுவுக்குப் போக வழியில்லை. மனிதர் கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெடிக்க வெடிக்க விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று.

அப்பா கோபமாக, கடையில்தான் கிடைக்கிறதே, இந்த வேலை எதற்கு என்று கேட்டார். சொல்தா சொன்ன பதிலை அப்பா பல வருடம் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். "வாங்கிக் குடிச்சா நான் மட்டும் குடிக்கணும். நானே போட்டா, எப்படி வந்திருக்குன்னு பார்க்க நாலு பேர் வருவாங்க மிசே."

லூயி பஸ்த்தேர் என்று எங்களுக்குப் பாடம் உண்டு. வெறிநாய் கடித்த பையனைக் காப்பாற்றியவர் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் 1876இல் பீரைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1870 யுத்தத்தில் ஜெர்மன்காரன் பிரான்ஸைத் தோற்கடித்துவிட்டான், அவனைப் பீரிலாவது ஜெயிக்க வேண்டும் என்று கிளம்பினாராம். அந்த ஆராய்ச்சியில்தான் பீரைக் கெடுப்பது எந்தக் கிருமி, ஆக்குவது எது என்பதெல்லாம் துலங்கியது. பாருங்கள், ரோஷத்துக்காகவும் ஒருவர் பீர் போட்டிருக்கிறார்.

சிக்கனத்துக்காகச் செய்தவர்கள் இன்னொரு கூட்டம். இங்கிலாந்தில் வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்று இருந்ததை 1963 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது மளிகைக் கடையில் மால்ட் பாகு டப்பா வாங்கி வீட்டில் போட்டார்கள். மதுவிலக்கு போன பிறகும் வீட்டுப் பீர் சட்டவிரோதமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. 1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்துப் போட்டுத்தான் ஒரு குடும்பத்துக்கு வருடம் 200 காலன் வரை செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. 45 வருடம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான்.

நம் ஊரில் நடந்தது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1971இல் திறந்தார்கள், 1974க்குள் மூடினார்கள், 1981இல் மறுபடி கள்ளும் சாராயமும், 1987 ஜனவரி 1 முதல் அவை இரண்டும் கிடையாது. சீமைச் சரக்கு மட்டும் உண்டு. அது கூலிக்காரன் கைக்கு எட்டாது. எட்டாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போனான்.

நான் சொல்ல வந்த கோப்பு அதற்கடுத்த வருடம் வந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அப்போது கள்ளச்சாராயத் தொழிலை விட்டுத் திருந்தியவர்களுக்கு மறுவாழ்வு நிதி கொடுப்பார்கள். பெரும்பாலும் கறவை மாடு. விண்ணப்பங்களைப் பரிசீலித்துக் குறிப்பு எழுதி மேலே வைப்பது என் வேலை.

ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா மனு கொடுத்திருந்தார். வீட்டில் சுண்டக்கஞ்சிப் பானை பிடிபட்டு, வழக்காகி, அபராதம் கட்டியவர். அபராதத்துக்கு மூக்குத்தியை அடகு வைத்ததாக மனுவில் எழுதியிருந்தது. மாடு கொடுத்தால் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்வேன் என்று கேட்டிருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தோம். பஸ் பிடித்து வந்து, அலுவலக வாசல் புளியமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டேன். வேலை அதிகம் என்று அப்போது சொல்லியிருப்பேன்.

"எவ்வளவு நாளா வியாபாரம்?" என்று கேட்டேன். படிவத்தில் இருந்த கேள்வி அது.

"நான் வித்ததே இல்லீங்க" என்றார். "எங்க வூட்டுக்காரருக்குத்தான் போட்டேன். வெளிய போனா அந்த எரிசாராயத்தக் குடிச்சுட்டு வராரு. அது கண்ணப் பிடுங்கிடும்னு சொல்றாங்களே. பக்கத்து ஊர்ல ஒருத்தருக்குப் பிடுங்கிச்சு. இது கஞ்சிதானே, குடிச்சிட்டு வூட்டுலயே படுத்திருப்பாரு, கண்ணு இருக்கும்னுதான் போட்டேன்."

அந்த அம்மா சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. கண்ணைப் பிடுங்குவது மெத்தனால். தொழிற்சாலைக்கு என்று வருவதைத் திருடித் தண்ணீர் கலந்து விற்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தது அதில்தான். கஞ்சியைப் புளிக்கவைத்தால் வயிறு கெடலாம், தலை சுற்றலாம், அளவு மீறினால் குடி குடிதான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் அதில் உண்டாகாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. பிரெஞ்சும் தமிழும் இங்கிலீஷும் படித்த எனக்கு அன்றைக்கு இது பெரிதாகப் படவில்லை.

என் குறிப்பு இப்படிப் போயிற்று. மனுதாரர் தாம் எக்காலத்திலும் மது விற்பனையில் ஈடுபட்டதில்லை எனத் தாமே தெரிவித்துள்ளமையால், தொழிலைக் கைவிட்டுத் திருந்தியவர் என்ற வகைப்பாட்டில் மேற்படியார் வரமாட்டார். மனுவை நிராகரிக்கலாம்.

மேலே கையெழுத்தாகி வந்துவிட்டது. அதே பட்டியலில் நாலைந்து வழக்கு உள்ள ஆட்களுக்கு மாடு கிடைத்தது. ஒருவர் வாங்கிய மாட்டை அந்த வாரமே சந்தையில் விற்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பக்கத்து மேஜைக்காரர் அன்றைக்கே என் காதில் சொன்னார், "வித்தேன், இப்ப வுட்டுட்டேன்னு சொல்லச் சொல்லுய்யா, முடிஞ்சுது" என்று. பொய் எழுதச் சொல்வதா என்று ஒரு வீறாப்பு எனக்கு. ஆயா முழங்கை வரை கஞ்சி வழிய நின்றது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்ததால்தான் குறிப்பை இன்னும் கொஞ்சம் கறாராக எழுதினேனோ என்று இப்போது படுகிறது. எவ்வளவு நாள், எத்தனை லிட்டர், யாருக்கு விற்றது என்று படிவத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. எதற்காகச் செய்தாய் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. பக்கத்தில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. நான் எழுதவில்லை.

அந்த வீட்டுக்காரர் பிறகு என்ன ஆனார் என்று விசாரிக்கவும் இல்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேர ஊர்தான்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்குச் சத்துமாவுக்கு முளைகட்டி வைத்திருந்த கேழ்வரகு வீட்டில் இருந்தது. பரணில் இருந்து ஆயாவின் பானையை இறக்கினோம். ஆமாம், நானும்தான் ஏணியைப் பிடித்தேன். அதை வைத்திருந்ததே அம்மாவின் ஞாபகத்துக்காக. ஆயா சொன்னது ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை செய்தார். சீயக்காய், சாம்பல் கதையையும் சொன்னேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பானைக்குள் இருந்து மெல்லிய சத்தம் வர ஆரம்பித்தது, அடுப்பில்லாமல் கொதிக்கிற மாதிரி. மாப்பிள்ளை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பானைமேல் காதை வைப்பார்.

நடுவில் மே 7ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்தார்கள். சோளிங்கர் ரோட்டில் எவ்வளவு கூட்டம் என்று தெருவே பேசியது. மறுநாளே கோர்ட் மூடச் சொல்லிவிட்டது. பத்து நாளுக்குள் மறுபடி திறந்தாயிற்று. மாப்பிள்ளை ஒரு தடவைகூடப் போகவில்லை. "கடைதான் தொறந்தாச்சே மாப்ள, இது எதுக்கு?" என்று, அப்பா சொல்தாவிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பெனில நாலு வருஷமா ஒரே மிஷின் மாமா. எங்கிட்ட வந்து போற பார்ட்டு எந்த வண்டில போய் உக்காருதுன்னுகூட எனக்குத் தெரியாது. இப்ப திரும்பக் கூப்பிடுவாங்களான்னும் தெரியல. போன் அடிச்சா ஹெச்.ஆர். எடுக்கறதில்ல. இது என்னன்னா, காலைல வெச்சா சாயந்திரம் ஏதோ நடந்திருக்கு. காத வெச்சா கேக்குது" என்றார்.

அவர் வேலை பற்றிக் கவலைப்படுகிறார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் ஒன்றரை மாதம்.

அன்று ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஊரடங்கு அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போலீஸ் ஜீப் தெருவில் வந்தது. வழக்கமாக வருவதுதான். எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக நின்று மைக்கில் பேசியது. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. மதுவிலக்குக் கோப்பு பார்த்தவன், பென்ஷன்காரன், கொல்லையில் பானை! ஜீப் நகர்ந்த சத்தம் கேட்டதும் எழுந்து போய்ப் பானையை இழுத்துத் தென்னைமரத்தடியில் கவிழ்த்துவிட்டேன். இருட்டில் அந்த வாடை வந்தது, ஆயாவின் தறிக்கூடத்து வாடை. ஒரு வாய் ருசி பார்க்கவும் இல்லை. இதைப் படிக்கும் பழைய சகாக்கள் எவரும் கோப்பு எதுவும் திறக்க வேண்டியதில்லை, சொத்து தென்னைமரத்துக்குப் போய்விட்டது.

காலையில் மாப்பிள்ளை வந்து பார்த்தார். "ஏன் மாமா?" என்றார். நான் 1937ஆம் வருடத்துச் சட்டத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி அனுப்பினார். "தாத்தா, அப்பா பேப்பர் கேக்கறாரு." "தாத்தா, அப்பா சாப்ட வரச் சொன்னாரு."

மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த அம்மாவின் கோப்பைப் பற்றிச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாக என் மனைவியிடம்கூடச் சொல்லாதது. புளியமரத்தடியில் காக்க வைத்ததையும் விடவில்லை. முழுக்கக் கேட்டார்.

"அப்பவே அந்தம்மாவுக்கு அறுபதுன்னா, இப்ப இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும் இல்ல மாமா?"

"ஆமா மாப்ள."

"ஒரு கறவ மாடு இப்ப எவ்ளோ இருக்கும்?"

நாற்பது, ஐம்பது ஆயிரம் ஆகும் என்றேன். தலையை ஆட்டினார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூனில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். பானை மறுபடி பரணில் இருக்கிறது. கிணற்றடியில் அதைக் கழுவும்போது அப்பா சோப்புப் போடவே இல்லை, வெறும் தண்ணீரில்தான் அலசினார் என்று பேத்தி போன மாதம் போனில் பேசும்போது என்னிடம் சொன்னாள்.